கம்பியின் மறுமுனை

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்திலிருந்து ஆதிகேசவனின் மெஷின் மத்தியான வேளைகளில் நின்றுபோனது. காலையில் ஒழுங்காக ஓடும். வெயில் ஏறி, காக்களூர் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் படபடவென்று சத்தம் போட ஆரம்பித்து, எதிர் ஷெட்டில் பிரஸ்ஸில் தகடு அடிக்கிறவர்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற நேரம் வந்தால் போதும், திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் அப்படியே நின்றுவிடும். என்ன அழுத்தினாலும் அசையாது. மெயினை அணைத்து, கதவைத் திறந்து போட்டு, பெட்டி ஆறும்வரை வெளியே வேப்ப மரத்தடியில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

அது வயர்கட் மெஷின். தொட்டித் தண்ணீருக்குள் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த பித்தளைக் கம்பி ஒன்று மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருக்கும். கம்பியில் மின்சாரம். இரும்பைத் தொடாமலேயே, சின்னச் சின்னப் பொறியாக அறுத்துக்கொண்டு போகும். எங்கே திரும்பவேண்டும், எங்கே வளையவேண்டும் என்று அதற்குச் சொல்வது பக்கத்தில் பீரோ மாதிரி நிற்கும் கண்ட்ரோலர். அந்த பீரோவுக்குள் இருப்பது ஒரு பழைய கம்ப்யூட்டர்தான். அது பாதியில் நின்றால் கம்பியும் பாதியில் நிற்கும். நின்ற இடத்தில் இரும்பில் ஒரு வடு விழும். இங்கே அறுபடுவது டை, பிரஸ்ஸில் தகடு அடிக்கிற அச்சு. வடு விழுந்த டையை யாரும் வாங்கமாட்டார்கள்.

ஆதிகேசவன் அதே மெஷினை அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பல வருஷம் ஓட்டியவன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் கும்மிடிப்பூண்டிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவன் பத்தாவது முடித்துவிட்டு ஹெல்பராகப் போய், மெஷினைத் துடைத்து, தண்ணீர் மாற்றி, ஓட்டக் கற்றுக்கொண்டான். கம்பெனி மூடியபோது மெஷினை இரும்பு விலைக்குக் கேட்டு வாங்கி, டிரெய்லரில் ஏற்றிக் காக்களூருக்குக் கொண்டுவந்தான். ஒரு ஷெட், ஒரு மெஷின், ஒரு சிமெண்டுத் தொட்டி. ஆள் கிடையாது. அவனும் அவன் மனைவி விக்டோரியாவும்தான்.

விக்டோரியா கவரைப்பேட்டைக்காரி. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை பார்த்தவள். அரிசிக் குருணையைவிடச் சின்னதான பாகங்களை இடுக்கியில் எடுத்து போர்டில் வைக்கிற வேலை. மகள் மோனிகா நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போன வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டு இவனோடு ஷெட்டுக்கு வந்தாள். இரண்டு வீட்டையும் எதிர்த்துச் சேர்ந்தவர்கள் இவர்கள். அவன் கோயிலுக்குப் போவதும் இல்லை, அவள் சர்ச்சுக்குப் போவதைத் தடுப்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஜெபம் முடியும்வரை வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருப்பான்.

பரசுராமனுடைய டை பாதியில் வீணான பிறகுதான் ஆதிகேசவன் கம்ப்யூட்டர்காரனுக்குப் போன் போட்டான். பரசுராமன் அதே தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப் வைத்திருப்பவர். இவர்களுக்கு வருகிற வேலையில் பாதி அவருடையது. கோபக்காரர் இல்லை. வீணான டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா ஆதி, உன் மெஷினுக்கே வெயிலு ஒத்துக்கலியா?" என்று சிரிக்கத்தான் செய்தார். போகும்போது மட்டும், "அடுத்தத ஆடிக்குள்ள குடுத்துடு. பார்ட்டி எனுக்கு மேல நிக்கிறான்" என்றார்.

முரளி மறுநாள் வந்தான். திருவள்ளூர் தேரடிப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். முப்பது வயசு இருக்கும். முதுகில் பை, வாயில் ஹால்ஸ் மிட்டாய். பீரோவின் பின்கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா" என்றான்.

"இன்னா முரளி?"

"இந்த மாதிரி போர்டு பாத்து ரொம்ப நாளாச்சிண்ணா. தோ பாரு, இதான் பிராசசர். இதுமேல சீப்பு மாரி அலுமினியத் தகடு நிக்குது பாரு, இது ஹீட் சிங்க். சூட்ட இழுத்து வெளிய வுடும். அதும்மேல சின்ன ஃபேனு. அது செத்துப்போச்சி. கைல சுத்துனா கூட கரகரங்குது."

"ஃபேன மாத்திட வேண்டிதானே?"

"அங்கதான் பேஜாரு. ஃபேனு தனியா வராது. ஹீட் சிங்கோட ஒரே பீசா கீது. ஹீட் சிங்கு, பிராசசரோட ஒட்டிக்கினு கீது. இப்போ வர்றதெல்லாம் கிளிப்பு. கழட்டி மாட்டிக்கலாம். இத்த கம்பெனிலயே பசை போட்டு ஒட்டி அனுப்பிக்கீறான். கழட்டுவாங்கன்னே அவன் நெனைக்கல."

விக்டோரியா எட்டிப் பார்த்தாள். "பிராசசரோட சேத்து எடுத்துட்டு, வெளிய வெச்சி கழட்ட முடியாதா?"

"நல்லா கேட்டீங்கண்ணி. அத்த எடுக்கற லிவரு இந்தத் தகட்டுக்கு அடியில மாட்டிக்கினு கீது. தகட எடுத்தாதான் லிவரு. அதனால போர்டு மேலயே வெச்சிதான் பண்ணணும்."

அவன் பையிலிருந்து டேபிள் ஃபேன் மாதிரி ஒரு சின்ன விசிறியை எடுத்து, பீரோவுக்குள் காற்று அடிக்கும்படி கட்டினான். அன்று மத்தியானம் மெஷின் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடியது. அப்புறம் நின்றது.

"பசை காஞ்சிபோச்சிண்ணா. காத்து அடிச்சி இன்னா பிரயோஜனம், சூடு தகட்டுக்கே வரல. எடுத்துட்டு வேற போடறதுதான் வழி. நான் மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ல இந்த சைசுக்கு ஒண்ணு தேடிப் புடிச்சி எடுத்தாறேன். நானே வந்து பண்றேன். நீ மட்டும் கைய வெச்சிடாத."

"எப்படிக் கழட்டுவ?"

முரளி சுற்றிலும் பார்த்தான். மெஷினின் பக்கவாட்டில் கம்பிச் சுருள் மாட்டியிருந்தது. இன்னும் பிரிக்காத இரண்டு சுருள்கள் ஷெல்ஃபில் இருந்தன.

"தோ, இதான் கரெக்டு. மொதல்ல முடி காயவெக்கிற டிரையர்ல சூடு காட்டணும். பசை எளகும். அப்பால இந்தக் கம்பிய ரெண்டு பக்கமும் புடிச்சிக்கினு, பசைக்கு நடுவுல வுட்டு, ரம்பம் மாரி இப்படியும் அப்படியும் மெதுவா இழுக்கணும். ரெண்டு பேரு ஓணும். ஒருத்தர் இழுக்கசொல்ல இன்னொருத்தர் வுட்டுக் குடுக்கணும். பிளேடு போட்டுத் தூக்கலாம்னு தோணும். தூக்குனா போச்சு. போர்டுல கோடு கோடா கீது பாரு, அதுல ஒண்ணு அறுந்தாலும் மெஷினு பொணம். இந்த போர்டு வேற எங்கியும் கெடைக்காது. செஞ்ச கம்பெனியே இப்போ இல்ல."

ஆதிகேசவன் தலையை ஆட்டினான். ஆட்டும்போதே வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். விக்டோரியா அதைப் பார்த்தாள். பார்த்ததைக் காட்டாமல் முரளிக்கு மோர் ஊற்றப் போனாள்.

கை நடுங்குவது அவளுக்குத் தெரியும். தெரிந்து ரொம்ப நாள் ஆகிறது. முதலில் டீ. கொண்டுபோய் வைத்தால் உடனே எடுக்கமாட்டான். ஆறட்டும் என்பான். அவள் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பான். பிறகு கம்பி கோக்கிற வேலை. கம்பியை நேராகப் பிடிக்கிற மேல் கைடில் இருக்கிற துளை ஊசிக் காதைவிடச் சின்னது. அதில் கம்பியை நுழைப்பதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. பார்க்காமலேயே, பேசிக்கொண்டே ஒரே குத்தாகக் குத்தி அடியில் இழுத்துவிடுவான். அம்பத்தூரில் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறான். அவன் ஒரு நாள், "கண்ணு மங்குதுமே, நீ கோத்துடு" என்றான். அடுத்த வாரம் திருவள்ளூரில் போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டான். கண்ணாடி போட்ட பிறகும் அவளையே கோக்கச் சொன்னான்.

ஒரு காலை அவள் வீட்டு வேலையை முடித்துவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஷெட்டுக்கு வந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவன் கம்பியைக் கோத்துக்கொண்டிருந்தான். நுனி துளையைச் சுற்றிச் சுற்றி அலைந்தது. இடித்தது, வளைந்தது. வளைந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி முயன்றான். மறுபடி வளைந்தது. கடைசியில் கட்டரைக் கீழே போட்டுவிட்டு, வலது மணிக்கட்டை மேஜைமேல் வைத்து, இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான். கோழியை அமுக்கிப் பிடிக்கிற மாதிரி. அது ஓயும்வரைக்கும் அப்படியே குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் உள்ளே போகவில்லை. ஓசைப்படாமல் பின்வாங்கி, வேப்ப மரம்வரை போய், அங்கிருந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டே சத்தமாக வந்தாள்.

"வந்துட்டியா? கண்ணாடி பவரு பத்தலமே" என்றான் அவன்.

"மாத்திடலாம் மாமா. அவன் சரியா பாக்கல" என்றாள் அவள்.

அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று தினமும் நினைப்பாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாது. ஊரெல்லாம் அவனைக் கை சுத்தக்காரன் என்று சொல்வார்கள். வேலையின் சுத்தத்தைச் சொல்கிற பேச்சு அது. அந்தக் கையைப் பற்றி அவனிடமே என்னவென்று பேசுவது? பேசாமல் அவனுக்கு முன்னால் போய்க் கம்பியைக் கோத்துவைத்தாள். மைக்ரோமீட்டரில் அளவு பார்ப்பதைத் தானே எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டில் ரசம் வைப்பதை நிறுத்தினாள், கெட்டிக் குழம்பாக வைத்தாள். அவனுக்குக் கஷ்டம் தெரியக்கூடாது என்று ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்தாள். அதில் அவளுக்கே ஒரு திருப்தி கூட இருந்தது.

முரளி சொன்னபடி ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு ஹீட் சிங்க் வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை வந்து மாட்டுகிறேன் என்றவன், வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்தான். குழந்தைக்கு மொட்டை போடத் திருத்தணி போகிறார்களாம். மாமியார் வீட்டில் தேதியை முன்னால் வைத்துவிட்டார்கள்.

"திங்கக்கெழம காத்தால ஃபர்ஸ்ட்டு உன் ஷெட்டுக்குதாண்ணா வருவேன். அதுக்குள்ள ஒண்ணியும் பண்ணாத."

அதே வெள்ளிக்கிழமை பதினொரு மணி வாக்கில் பரசுராமன் வந்து நின்றார். டை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தார். காலையில் மட்டும் ஓட்டுவதால் கால் பங்குகூட முடியவில்லை.

"ஆதி, கோச்சிக்காத. கெளம்பாக்கத்துல ஒருத்தன் புது மெஷினு போட்டுக்கீறான். இந்த ஒரு டைய மட்டும் அங்க குடுத்துடவா?"

"இன்னாண்ணா இது. திங்கக்கெழமக்கி ரெடி ஆயிடும்."

"மெஷினா, டையா?"

"ரெண்டும்."

அவர் போன பிறகு ஆதிகேசவன் பீரோவின் பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். விக்டோரியா கூழ் கரைத்து எடுத்துவந்திருந்தாள். கேழ்வரகுக் கூழ், நெத்திலிக் கருவாடு வறுவல், பச்சை வெங்காயம். அவன் சொம்பை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தான். கூழ் குடிக்கிறபோது எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள் என்பதால் அதில் மறைக்க ஒன்றும் இல்லை. குடித்து முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அந்த டிரையர எடுத்தாந்தியா?"

"எதுக்கு?"

"எதுக்கா? இத்த கழட்டறதுக்குத்தான்."

"முரளி வரட்டுமே மாமா. ரெண்டு நாளுதானே."

"ரெண்டு நாள்ல பரசு அண்ணன் கெளம்பாக்கம் போயிடுவாரு. ஒரு தபா போனா அப்பால அங்கதான். இந்த மெஷின நான் எத்தினி தபா பிரிச்சி மாட்டிக்கீறேன், ஒரு தகட எடுக்கத் தெரியாதா எனுக்கு?"

மோனிகா வீட்டில் விட்டுப்போன டிரையர், முரளிக்காக எடுத்துவந்தது, ஷெட் அலமாரியில்தான் இருந்தது. அவன் அதைப் போட்டு, ஹீட் சிங்கின்மேல் சூடு காட்டினான். ஷெட்டுக்குள் ஏற்கனவே அடுப்பு மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கும் முதுகில் வியர்வை ஓடியது. அவள் சுருளிலிருந்து ஒரு முழம் கம்பியை வெட்டினாள். கையை அறுக்காமல் இருக்க, இரண்டு முனையையும் இரண்டு பழைய போல்ட்டுகளில் சுற்றிப் பிடி மாதிரி செய்தாள். ஒரு போல்ட்டைத் தான் வைத்துக்கொண்டு மறு முனையை அவனிடம் நீட்டினாள்.

அவன் அந்த போல்ட்டைப் பார்த்தான். வாங்கவில்லை.

"அதெல்லாம் வேணாம்."

"முரளி கம்பிலதானே பண்ணச் சொன்னான்?"

"முரளிக்கு இன்னா தெரியும், நேத்து வந்த புள்ள. கம்பி அறுந்துக்கினு எங்கனா போய் மாட்டும். பிளேடே போதும். நீ லைட்ட புடி."

அவள் கம்பியைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தாள்.

அவன் தேய்ந்த ஹாக்ஸா பிளேடு ஒன்றைக் கல்லில் தீட்டி மெல்லிசாக வைத்திருந்தான். அதற்குத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டான். பீரோவுக்குள் குனிந்தான். உடனே ஆரம்பிக்கவில்லை. பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றான். திரும்பி அவளைப் பார்த்தான்.

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல."

குடு, நான் பண்றேன். அந்த மூன்று வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளால் முடியும். அதைவிடச் சின்ன இடத்தில், அதைவிட மெல்லிய சாமானோடு ஷிஃப்ட் முழுக்க வேலை செய்திருக்கிறாள். ஆனால் கேட்டால் ஏன் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இத்தனை நாள் தெரிந்தும் தெரியாதமாதிரி இருந்தது எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் வாயை மூடிக்கொண்டு வெளிச்சத்தைச் சரியான இடத்தில் காட்டினாள். அவள் கை ஆடவில்லை. வெளிச்சம் ஆடாமல் நின்றதால், பச்சை போர்டின்மேல் விழுந்த பிளேடின் நிழல் ஆடுவது நன்றாகத் தெரிந்தது.

முதல் மூலை எளிதாகவே விட்டது. பசை மொறுமொறுவென்று சத்தம் கொடுத்தது. அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "வருது பாரு" என்றான். இரண்டாவது மூலையும் வந்தது. மூன்றாவதில் பிளேடு சிக்கிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. சிக்கிய பிளேடைக் கொஞ்சம் நெம்பினான். கை ஒரு துள்ளு துள்ளியது. கிறீச்சென்று பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம். டப்பென்று தகடு பெயர்ந்து பீரோவின் அடியில் போய் விழுந்தது.

"வந்துடுச்சி!" என்றான்.

குனிந்து அதை எடுத்தான். திருப்பினான். அதன் அடியில், காய்ந்த பசையோடு ஒட்டிக்கொண்டு, பிராசசரின் ஒரு மூலை பிஸ்கட் துண்டு மாதிரி உடைந்து வந்திருந்தது. போர்டில், பிளேடு ஓடிய வழியில் ஒரு வெள்ளைக் கீறல் இருந்தது. அதன் குறுக்கே இழை இழையாகச் செப்புக் கோடுகள் அறுந்திருந்தன.

அவள் டார்ச்சை அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவன்தான் அவள் கையிலிருந்து அதை வாங்கி அணைத்தான்.

"போதும்" என்றான்.

எதிர் ஷெட்டில் பிரஸ் அடித்துக்கொண்டிருந்தது. அவன் வெளியே போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தான். அவள் தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, அரைகுறையாக அறுந்த டையை வெளியே எடுத்து, துடைத்து, துரு ஏறாமல் எண்ணெய் பூசி வைத்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை முரளி வந்தான். நெற்றியில் சந்தனம், கையில் திருத்தணிப் பிரசாதம். பொட்டலத்தை விக்டோரியாவிடம் கொடுத்துவிட்டு பீரோவைத் திறந்தவன் அப்படியே நின்றான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். மூச்சை இழுத்து விட்டான்.

"பிராசசர் கூட தேடிப் பாக்கலாம்ணா. இந்தக் கோடெல்லாம்... அடியில இன்னும் எத்தினி லேயரு அறுந்து கீதுன்னு தெரியாது." பேசிக்கொண்டே வந்தவன் நிமிர்ந்தான். "கம்பில பண்ணலியா?"

ஆதிகேசவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்பி இல்ல முரளி" என்றாள் விக்டோரியா. "தீந்துபோயிருந்துச்சி."

முரளியின் கண் மெஷினில் மாட்டியிருந்த சுருளுக்குப் போனது. அங்கிருந்து ஷெல்ஃபுக்குப் போனது. மேஜைமேல், இரண்டு போல்ட்டுகளில் சுற்றி வைத்த கம்பிக்கும் போனது.

"சரிண்ணி" என்றான்.

அவன் மூன்று நாள் அந்த போர்டோடு மல்லுக்கட்டினான். கடைக்குக் கொண்டுபோய், நுண்ணிய வயர் வைத்து, அறுந்த கோடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தான். பழைய சாமான் விற்கிறவர்களிடம் விசாரித்து அதே மாதிரி ஒரு பிராசசரைக் கொண்டுவந்து போட்டான். ஒரு தடவை திரையில் வெளிச்சம் வந்தது. விக்டோரியா சிலுவை போட்டுக்கொண்டாள். வெளிச்சம் போய்விட்டது. மறுபடி வரவில்லை. புது கண்ட்ரோலர் மாட்டித் தருகிறவர்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள் என்று முரளி சொன்னான். அவர்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பழைய மெஷினுக்குச் செய்வதில்லை என்றார்கள்.

டை கெளம்பாக்கத்துக்குப் போனது. பரசுராமன் ஆள் அனுப்பாமல், தானே வண்டியில் வந்து எடுத்துப்போனார். "மெஷினு ரெடியானா சொல்லு ஆதி" என்றார். ஆகாது என்று அவருக்கும் தெரியும்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் மெஷினை இரும்புக்குக் கொடுத்தார்கள். கிரேன் வந்து தூக்கும்போது ஆதிகேசவன் பக்கத்தில் நின்று, பெல்ட்டை எங்கே போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். "அங்க போடாத நைனா, அது கைடு, வளஞ்சிடும்" என்றான். கிரேன்காரன் சிரித்தான். "உருக்கறதுக்குத்தானே சார் போவுது?"

ஷெட்டைக் காலி செய்துவிட்டுப் புதுவாயலில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தார்கள். விக்டோரியாவின் அண்ணன் அன்புசெல்வன் பார்த்துக் கொடுத்த வீடு. ஹைவேயிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம். லாரி போகிற அதிர்வில் அலமாரியில் டம்ளர்கள் உரசிக்கொண்டிருக்கும். அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மறுபடி லைனில் சேர்ந்தாள். முன்பு உட்கார்ந்து செய்த வேலையை இப்போது நின்று செய்கிறார்கள். கூட நிற்கிற பெண்கள் மோனிகா வயசு. ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவனை டாக்டரிடம் கூட்டிப்போனது கடைசியில் மோனிகாதான். லீவுக்கு வந்தவள், அப்பா சட்டைப் பொத்தானோடு போராடுவதைப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல், "இன்னாப்பா, கை இப்படி ஆடுது? எத்தினி நாளா?" என்று கேட்டாள். அவனும் சாதாரணமாகவே, "ஆடுதும்மா. ரெண்டு வருஷம் இருக்கும்" என்றான். அடுப்படியில் நின்ற விக்டோரியாவுக்கு அந்த இரண்டு பேச்சும் கேட்டது. இவ்வளவு எளிதா என்று இருந்தது அவளுக்கு. பெரியாஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை, மாத்திரை போட்டால் கொஞ்சம் மட்டுப்படும், முழுசாகப் போகாது என்றார். முன்னாடியே வந்திருக்கலாமே என்றும் சொன்னார்.

அவன் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். லாரி வந்தால் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை.

அந்த வருஷம் மழை முன்கூட்டியே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது, புதுவாயல் கூட்டுரோட்டில் பழவேற்காட்டு மீன்காரி குப்பாயியிடம் எறா வாங்கினார்கள். வீட்டு வாசலில் தண்ணீர் பக்கெட்டை வைத்து, விக்டோரியா பலகைபோட்டு உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். வானம் மூடிக்கொண்டு, தூறல் போடுவதும் விடுவதுமாக இருந்தது. அவன் வந்து பக்கத்தில் குந்தினான். தானும் ஒரு எறாவை எடுத்தான். தலையைக் கிள்ளினான். ஓட்டைப் பிரிக்க முயன்றபோது எறா வழுக்கி மண்ணில் விழுந்தது. எடுத்துத் தண்ணீரில் அலசினான். இப்போதெல்லாம் அவன் கையை மறைப்பதில்லை.

"அன்னிக்கி" என்றான், தண்ணீரைப் பார்த்தபடி. "அன்னிக்கி நீ வாங்கிப்பேன்னு நெனச்சேன்."

"எத்த?"

"பிளேட."

அவள் உரிப்பதை நிறுத்தினாள்.

"கம்பிய நீட்டுன பாரு, அத்த புடிச்சா உனுக்குத் தெரிஞ்சிபோயிடும்னு பயம். அந்தப் பக்கம் நீ புடிச்சிக்கினு கீற, என் கை ஆடறது கம்பில வந்துடும். அதான் பிளேட எடுத்தேன். எடுத்துட்டு உள்ள பாத்தா, என்னால முடியாதுன்னு எனுக்கே தெரிஞ்சிபோச்சி. சரி, இவளே வாங்கிப்பான்னு திரும்பிப் பாத்தேன்."

"எனுக்கு முன்னமே தெரியும் மாமா."

"தெரியும்னு எனுக்கும் தெரியும்மே. ரசம் வெக்கறத நிறுத்துன இல்ல, அன்னிலேந்து."

தூறல் பலத்தது. அவர்கள் எழுந்திருக்கவில்லை. "கேட்டா நீ கோச்சிப்பன்னுதான் கேக்கல" என்றாள். "உன் மனசு கஷ்டப்படும்னு."

"கோச்சிக்கினுதான் இருப்பேன்" என்றான் அவன். "ரெண்டு நாளு பேசாம இருந்திருப்பேன். அவ்ளதான்."

அவன் குரலில் குற்றம்சாட்டுகிற தொனி எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவளும் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள், நீ மட்டும் சொன்னாயா என்று கேட்டிருப்பாள். அவன் நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். ரெண்டு நாள். அவள் மனசுக்குள் அந்த இரண்டு நாளைப் பேசாமல் இருந்து பார்த்தாள். ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலையில் முரளி பிரசாதத்தோடு வந்திருப்பான்.

அவன் அலசிய எறாவை மறுபடி உரிக்கப் பார்த்தான். ஓட்டின் நுனி விரலில் அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"குடு மாமா" என்றாள் அவள். "நான் பண்றேன்."

அவன் உடனே கொடுத்துவிட்டான்.